ரேம் காலியாக இருந்தால் கணினி வேகமாகுமா?

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 65 சதவீதம் என்று காட்டும். பெரிதாக எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. ஒரு பிரவுசர், ஒரு வேர்டு கோப்பு, அவ்வளவுதான். 'ரேமைக் காலி செய்வது எப்படி' என்று தேடினால் குறிப்புகள் வந்து குவியும். ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்று, அந்த சர்வீஸை நிறுத்து, பேஜ் ஃபைலை ரேமைப்போல ஒன்றரை மடங்காக்கு, இந்த கிளீனரைப் போடு. பெரும்பாலானவை விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. 2001-இல் வந்த அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த ரேமே 128 எம்பிதான். அன்றைக்குப் பொருள் இருந்த சில குறிப்புகள் இன்றைய விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஒன்றும் செய்வதில்லை. சில கெடுதலே செய்யும்.

எந்த செட்டிங்கைத் தொடுவது, எதை விடுவது என்று தெரிய வேண்டுமானால், விண்டோஸ் மெமரியை எப்படிக் கையாள்கிறது என்று கொஞ்சம் புரிந்தால் போதும். அது அப்படியொன்றும் கடினமில்லை.

மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி விற்கும் சாமான் கடைக்காரர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கும். மற்ற மூட்டைகள் தெருக்கோடியில் உள்ள குடோனில் கிடக்கும். ரேம் அந்தத் தட்டு. ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ குடோன். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் விஷயமே. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ வினாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு நேரம் ஆகலாம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் சுமார் 10 மில்லி வினாடி, அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ரேம் போதாமல் கணினி திணறுவது என்றால், தேவையான தகவல் ரேமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து வரக் காத்துக் கிடப்பதுதான்.

ரேமில் இடம் போதாவிட்டால் டிஸ்க்கில் ஒரு பகுதியையும் மெமரிபோலப் பயன்படுத்தலாம் என்ற யோசனை மிகப் பழையது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் இது முதன்முதலாக வந்தது. அதில் வேகமான மெமரி 16 ஆயிரம் சொச்சம் சொற்கள் அளவுக்குத்தான் இருந்தது (சொல் என்பது இங்கே கணினி ஒரே வீச்சில் கையாளும் தகவல் துண்டு). கூடவே, சுழலும் காந்த டிரம்மில் அதைப்போல ஆறு மடங்கு இடம். நிரல் எழுதுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மெமரியாகத் தெரியும்படி செய்தார்கள். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எது தேவையோ அதை மட்டும் வேகமான மெமரிக்குக் கொண்டுவருவது அவர்கள் முறை. இன்றைய விண்டோஸும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. ஒரு பக்கத்தின் அளவு பொதுவாக 4 கேபி. ரேமில் இடமில்லாத பக்கங்கள் போய் உட்காரும் இடம் பேஜ் ஃபைல். சி டிரைவில் மறைவாக இருக்கும் ஒரு பெரிய கோப்பு அது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் விர்ச்சுவல் மெமரி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து உண்மையிலேயே ரேமைவிட அதிகமாகக் கேட்டால், ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளியது அடுத்த நொடியே மறுபடி தேவைப்படும். கணினி வேலையை விட்டுவிட்டுச் சாமான் தூக்குவதிலேயே பொழுதைக் கழிக்கும். இதற்குத் திராஷிங் என்று பெயர். ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்று பீட்டர் டென்னிங் 1968-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். மவுஸ் நகர்கிறது, ஆனால் சொடுக்கினால் எதுவும் நடக்கவில்லை, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

காலி ரேம் வீண் ரேம்

இப்போது அந்த 65 சதவீதத்துக்கு வருவோம். ரேம் காலியாக இருப்பதால் கணினிக்கு ஒரு நன்மையும் இல்லை. காலியாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் அது இழுக்கும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் வரப்போவதில்லை. அதனால் மிச்சமிருக்கும் இடத்தில், நீங்கள் அண்மையில் திறந்த கோப்புகளையும் மறுபடி திறக்க வாய்ப்புள்ள நிரல்களையும் விண்டோஸ் வைத்துக்கொள்ளும். கேட்டதும் டிஸ்க்குக்குப் போகாமல் எடுத்துக் கொடுக்கலாம் அல்லவா? வேறு நிரல் இடம் கேட்டால், அந்தச் சேமிப்பைக் கண நேரத்தில் தூக்கிவிட்டு இடம் கொடுத்துவிடும். இதை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் சூப்பர்ஃபெட்ச் என்ற சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், 2007-இல் விஸ்டாவோடு வந்தது. இன்று அதன் பெயர் சிஸ்மெயின்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு வேறு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று அவெய்லபிள். காலி இடமும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கக்கூடிய சேமிப்பும் சேர்ந்த கணக்கு இது. வழக்கமான வேலையின் நடுவில் இது ஒன்றிரண்டு ஜிபிக்கு மேல் நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. சில நூறு எம்பிக்கு இறங்கி அங்கேயே கிடந்தால் ரேம் போதவில்லை என்று பொருள்.

இன்னொன்று கமிட்டெட். 9.8/12 என்பதுபோல இரண்டு எண்களாக இருக்கும். நிரல்கள் எல்லாம் சேர்ந்து விண்டோஸிடம் கேட்டு வாங்கிய உறுதிமொழி முதல் எண். விண்டோஸால் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு இரண்டாவது. ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்ததுதான் அந்த உச்சவரம்பு என்பதை மனத்தில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ரிசோர்ஸ் மானிட்டர் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரைத் தட்டினால் வரும். மெமரி பகுதியில் ஹார்டு ஃபால்ட்ஸ் என்று ஒரு வரைபடம் ஓடும். பெயரைப் பார்த்துக் கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்தை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேர்ந்தது என்பது மட்டும்தான் பொருள். ஒரு பெரிய நிரலைத் திறக்கும்போது நூற்றுக்கணக்கில் எகிறி, உடனே அடங்கிவிடும். அது இயல்பு. அடங்காமல் நிமிடக்கணக்கில் உயரத்திலேயே நின்று, அதே நேரத்தில் அவெய்லபிளும் குறைவாக இருந்தால் உங்கள் சிக்கல் ரேம்தான். இரண்டும் இல்லாமல் கணினி மெதுவாக இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ரேம் செட்டிங்கைத் திருகி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உண்மையில் பலன் தருபவை

ரேம் குறைவுதான் என்று தெரிந்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது ஸ்டார்ட்அப். கணினியைத் திறந்தவுடன் தானாக ஏறி உட்காரும் நிரல்களின் பட்டியல் இது. டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பகுதி உண்டு. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்றிருக்கும். டீம்ஸ், டிஸ்கார்டு போன்றவை தங்களுக்குள் ஒரு பிரவுசரையே வைத்திருப்பவை. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பியைச் சாப்பிடும். விளையாட்டு லாஞ்சர்கள், பிரிண்டர் நிறுவனங்களின் உதவி நிரல்கள், எப்போதோ ஒருமுறை பயன்படுத்தும் மீட்டிங் நிரல்கள் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யலாம். நிரல் அழிந்துவிடாது. தேவைப்படும்போது நீங்கள் திறந்தால் வரும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ தொடர்பானவற்றைத் தொடாதீர்கள். அழகி, என்எச்எம் ரைட்டர் மாதிரி தமிழ்த் தட்டச்சு நிரல் பட்டியலில் இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். அவை பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். எடுத்துவிட்டு, தமிழ் ஏன் அடிக்க வரவில்லை என்று தேடுவதுதான் மிச்சமாகும்.

அடுத்தது பிரவுசர். வீட்டுக் கணினிகளில் ரேமை அதிகம் தின்பது பெரும்பாலும் இதுதான். குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பிராசஸாக, அதாவது தனி நிரல்போல ஓட்டுகிறது. 2018-இல் சைட் ஐசொலேஷன் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைப் பரவலாகக் கொண்டுவந்தபோது, அதனால் மெமரிச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலைத் திருட முடியாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. கொடுக்கலாம். ஆனால் நாற்பது டேபைத் திறந்துவைத்திருப்பது வேறு கதை. குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை இயக்குங்கள். நெடுநேரம் தொடாத டேப்களை ரேமிலிருந்து இறக்கிவிடும். எட்ஜில் இதற்கு ஸ்லீப்பிங் டேப்ஸ் என்று பெயர். எந்த டேப் அதிகம் பிடிக்கிறது என்று பார்க்க குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்றே ஒரு குட்டி டாஸ்க் மேனேஜர் வரும். பல நேரங்களில் குற்றவாளி டேபாக இருக்காது, மறந்துபோன ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனாக இருக்கும்.

மூன்றாவது விஷயம் செட்டிங்கே இல்லை, பழக்கம். சில நிரல்கள் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போகும். மெமரி லீக் என்பார்கள். நிரலை மூடினால் அதன் இடம் திரும்பிவிடும். கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவரில் லீக் என்றால் மூட வழியில்லை. 'தினமும் ஷட் டவுன் செய்கிறேனே' என்பீர்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்துப் போடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

பேஜ் ஃபைலைத் தொடலாமா?

அதிகம் குழப்பம் உள்ள இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் என்பதன் கீழே உள்ள செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அப்புறம் விர்ச்சுவல் மெமரிக்குக் கீழே சேஞ்ச் என்று போனால் ஒரு சிறு ஜன்னல் வரும். மேலே 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' என்று தொடங்கும் ஒரு டிக். புதிய கணினிகளில் இது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அப்படியே இருக்கட்டும்.

ரேமைப்போல ஒன்றரை மடங்கு வை என்ற விதி எங்கிருந்து வந்தது? எக்ஸ்பி தானாக வைத்த தொடக்க அளவு ஏறத்தாழ அதுதான், உச்சம் மூன்று மடங்கு. ரேம் 256 எம்பியாக இருந்தபோது அது சரி. 32 ஜிபி ரேம் உள்ள கணினியில் இதே கணக்கில் 48 ஜிபியை ஒதுக்குவது எஸ்எஸ்டி இடத்தை வீணாக்குவது. தானியங்கி ஏற்பாட்டில் விண்டோஸ் இதுவரையிலான உங்கள் பயன்பாட்டைப் பார்த்துச் சிறியதாகத் தொடங்கும். தேவைப்பட்டால் ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது பெரிதோ அதுவரை வளரும். ஆனால் டிரைவின் அளவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகத் தாண்டாது. நாம் கையால் போடும் எண்ணைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இதற்கு நேர் எதிரான ஆலோசனையும் உண்டு: 'ரேம் நிறைய இருக்கிறது, பேஜ் ஃபைலையே எடுத்துவிடு, எல்லாம் ரேமிலேயே ஓடும்.' கேட்க நன்றாக இருக்கிறது. மேலே சொன்ன கமிட்டெட் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு நிரல் 2 ஜிபி கேட்டால், அது உண்மையில் அரை ஜிபியைத்தான் தொடும் என்றாலும் முழு 2 ஜிபிக்கும் விண்டோஸ் உறுதி கொடுத்தாக வேண்டும். பேஜ் ஃபைல் இருந்தால், தொடப்படாத அந்த ஒன்றரை ஜிபிக்கான கணக்கை அதன் பெயரில் எழுதிக்கொள்ளலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டியிருக்காது. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் உச்சவரம்பு ரேம் அளவுக்கு இறங்கிவிடும். ரேமில் நான்கு ஜிபி சும்மா கிடக்கும்போதே மெமரி போதவில்லை என்று ஃபோட்டோஷாப்போ விளையாட்டோ விழுந்துவிடும். கூடவே, விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்கும்போது காரணத்தை எழுதிவைக்கவும் இந்தக் கோப்பு வேண்டும்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன் 2009-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள், தங்களுக்குக் கிடைத்த தரவுகளை வைத்து இதை விளக்கினார்கள். பேஜ் ஃபைலில் எழுதுவதைவிடப் படிப்பது சுமார் 40 மடங்கு அதிகம் என்றும், எஸ்எஸ்டியில் வைக்க இதைவிடப் பொருத்தமான கோப்புகள் வெகு சிலவே என்றும் சொன்னார்கள். உங்களிடம் எஸ்எஸ்டியும் பழைய ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது. அதனால் அங்கே பத்துப் பதினைந்து ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். டிஸ்க்கில் காலி இடம் வைத்திருப்பதற்குத்தான் பொருள் உண்டு, ரேமில் அல்ல.

கையால் அளவு போடுவதில் நியாயம் உள்ள ஒரு சூழ்நிலை உண்டு. வீடியோ எடிட்டிங் மாதிரி திடீரென்று நிறைய மெமரி கேட்கும் வேலை செய்கிறீர்கள், கமிட்டெட் எண் உச்சவரம்பைத் தொட்டு நிரல் விழுகிறது என்றால், தொடக்க அளவையே பெரிதாகப் போட்டுவைக்கலாம். விண்டோஸ் அவசரமாகக் கோப்பை வளர்க்கும் நேரத்தில் நிரல் காத்திராமல் விழுந்துவிடுவது இதனால் குறையும். ஆனால் பேஜ் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் வேகம் கூடாது. நிரல் விழாமல் இருக்கும், அவ்வளவுதான்.

விட்டுவிட வேண்டியவை

விண்டோஸ் 10 வந்த 2015 முதல் மெமரி கம்ப்ரெஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது. ரேம் நெருக்கடி வந்தால் பக்கங்களை உடனே டிஸ்க்குக்கு அனுப்பாமல், ரேமிலேயே சுருக்கி வைக்கும். சுருக்கி விரிக்கக் கொஞ்சம் பிராசசர் வேலை ஆகும். டிஸ்க்குக்குப் போய்வருவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இதை நிறுத்தச் சொல்லும் குறிப்புகளைக் கண்டுகொள்ளாதீர்கள். சிஸ்மெயினை நிறுத்தச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினியில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் சர்வீசஸில் போய் நிறுத்திப் பார்க்கலாம். மாற்றம் தெரியாவிட்டால் திரும்பப் போட்டுவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். விஷுவல் எஃபெக்ட்ஸை நிறுத்தினால் திரை கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், ரேமில் பெரிய மிச்சம் இருக்காது.

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் கருவியில் பூட் பகுதியில் மேக்சிமம் மெமரி என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் உங்கள் முழு ரேம் அளவையும் போட்டால் விண்டோஸ் முழுவதையும் பயன்படுத்தும் என்று பல காணொளிகள் சொல்கின்றன. அது கட்டுப்படுத்துவதற்கான பெட்டி. குறைந்த ரேமில் தங்கள் நிரல் எப்படி ஓடுகிறது என்று சோதிப்பவர்களுக்காக வைத்தது. டிக் போடாமல் இருந்தால்தான் முழு ரேமும் கிடைக்கும். யாரோ போட்டுவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அதுவே தொலைந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ரேம் கிளீனர், பூஸ்டர் என்று வருபவை வேறு ரகம். பெரும்பாலும் இவை செய்வது ஒன்றுதான்: ஓடும் நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக ஒதுக்கச் சொல்லி விண்டோஸைக் கேட்பது. 65 சதவீதம் உடனே 40 ஆகும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அடுத்த நிமிடம் அந்த நிரல்கள் தங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கத் தொடங்கும், சில டிஸ்க்கிலிருந்தே வர வேண்டியிருக்கும். இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததல்ல. 1995-இல் சாஃப்ட்ரேம் 95 என்று ஒரு மென்பொருள் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. ரேமை இரண்டு மடங்காக்கும் என்பது விளம்பரம். அதைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், உள்ளே மெமரியைச் சுருக்கும் வேலை எதுவுமே நடக்கவில்லை என்று காட்டினார்கள். கடைசியில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. இன்றைய கிளீனர்கள் அந்த அளவுக்குப் பொய் சொல்வதில்லை. ஆனால் நிரல்களிடமிருந்து பிடுங்கிய இடத்தை மிச்சம் என்று காட்டுவதும் பாராட்டத்தக்க வேலை இல்லை.

செட்டிங் தீர்ந்த பிறகு

இவ்வளவும் செய்தும் அவெய்லபிள் தரையிலேயே கிடந்தால், செட்டிங்கால் ஆவது அவ்வளவுதான். கையில் இருக்கும் ரேம் போதாது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதில் விண்டோஸ் ஓடும், நாம் வேலை செய்வதுதான் சிரமம். 8 ஜிபியை நான் குறைந்தபட்சம் என்பேன்.

வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரின் அதே மெமரிப் பக்கத்தைப் பாருங்கள். ஸ்லாட்ஸ் யூஸ்டு என்பதில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் இன்னொரு ரேம் போட இடமிருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் உங்கள் மாடலின் விவரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். ஹார்டுவேர் ரிசர்வ்டு என்பதில் பெரிய எண் இருந்தால், பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸுக்காகக் கொஞ்சம் ரேமை பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எடுத்துவைத்திருக்கலாம். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தாலும் இப்படி ஆகும். அதன் கணக்கு 4 ஜிபியோடு முடிந்துவிடும், அதிலும் மூன்று, மூன்றரை ஜிபிதான் கைக்கு வரும். அந்தக் கணினியில் 8 ஜிபி போட்டும் பயனில்லை, முதலில் 64 பிட் விண்டோஸுக்கு மாற வேண்டும்.

இரண்டாவது ரேமை முதலாவதன் அளவிலும் வேகத்திலும் வாங்கினால் இரண்டும் இணையாக டூயல் சேனலில் வேலை செய்யும், கிராபிக்ஸ் அட்டை தனியாக இல்லாத கணினிகளில் இதன் பலன் நன்றாகத் தெரியும். மாட்டிய பிறகு ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். மேசைக் கணினிகளில் ரேமின் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைவிடக் குறைவாகக் காட்டினால், பயாஸில் ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற செட்டிங் இயக்கப்படாமல் இருக்கும். அதை இயக்கிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக் என்று தேடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும். பிழை என்று வந்தால் எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் பிழை வந்தால், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வேறு ரேம் மாற்றி வாங்கிவிடுங்கள்.